சட்டைப்பையில் உறைக்காத மிளகாய்

ராசா,

இன்று காலை எங்கள் வீட்டுப் பின்வளவில் இருபத்து மூன்று மிளகாய் பறித்தேன். ஒரே செடியில் இருபத்து மூன்று! அம்மா எண்ணியது பிழையாக இருக்கும் என்று நான் திரும்பவும் எண்ணினேன், சரியாகத்தான் இருந்தது. விரல் நீளம், பளபளவென்ற பச்சை, காம்பை முறித்தால் அப்போதுதான் புல் வெட்டிய மாதிரி ஒரு மணம். உடனே உன்னை அழைத்தேன். "அப்பா, மீட்டிங்கில நிக்கிறன், பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாய். உன்னில் குறையில்லை. வேலை நாளில் காலை பத்து மணிக்கு மிளகாய்க்காக யார் அழைப்பார்கள்? ஆனால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுதினால் நீ இடையில் வெட்டவும் முடியாது.

இன்னும் ஐந்து வாரத்தில் உனக்குக் கல்யாணம். பிறகு நீயும் தர்சிகாவும் கோலியர்ஸ் வுட்டில் அந்தக் கீழ்த்தள வீட்டுக்குப் போகிறீர்கள். வீடு பார்க்கப் போன அன்று நீங்கள் இருவரும் அறைகளை அளந்துகொண்டிருந்தபோது நான் பின்கதவைத் திறந்து பார்த்தேன். ஒரு கட்டில் அளவு நிலம்தான். ஆனால் தெற்குப் பார்த்த செங்கல் சுவர்! வெயில் விழுந்து சுவர் சூடாகவே இருந்தது. கையை வைத்துப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இஞ்சை மிளகாய் என்னமா வரும் தெரியுமே" என்றேன். "முதல்ல பிள்ளைகள் குடிவரட்டும்" என்றாள் அவள். அன்றிலிருந்து என் மனம் அந்தச் சுவரடியில்தான் நிற்கிறது. ஆனால் செடியைப் பற்றிச் சொல்லுமுன், இரண்டு வாரத்துக்கு முன் சட்டனில் தர்சிகா வீட்டில் உன் நிச்சயதார்த்தத்தில் நடந்ததைப் பற்றி உன்னோடு முழுதாகப் பேச வேண்டும். அன்று எல்லார் முன்னாலும் பாதிதான் சொன்னேன். மீதி உனக்கு மட்டும் உரியது.

நான் மிளகாய் கடிக்கிறவன் என்பது லண்டனில் எங்களுக்குத் தெரிந்த தமிழர் எல்லாருக்கும் தெரியும். எந்த வீட்டுக்குப் போனாலும் என் தட்டில் பச்சைமிளகாய் இரண்டை வைத்துவிடுவார்கள். சோற்றோடு நான் அதைக் கறுக்கென்று கடிக்க, என் கூட்டாளி சிவம் அண்ணை பக்கத்தில் இருந்து, "பாருங்கோ, பாருங்கோ, வெள்ளரிக்காய் மாதிரிக் கடிக்கிறார்" என்று புதிதாக வந்தவர்களுக்குக் காட்டுவார். எனக்கு அது பிடித்திருந்தது. யோசித்துப் பார், நான் பஸ் ஓட்டுகிறவன். நாள் முழுக்க ஆட்கள் ஏறி இறங்குவார்கள், என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் மட்டும் நான் ஒரு ஆளாக இருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

உனக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போனோம். உனக்கு நினைவிருக்கிறதா என்று நான் இதுவரை கேட்டதில்லை, கேட்கப் பயம். ஆட்டிறைச்சிக் கறி உனக்கு உறைத்துவிட்டது. கண்ணில் நீர் வடிய, மூக்கைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டாய். அம்மா எழும்ப முன்பே நான் சத்தமாகச் சொன்னேன்: "இவன் எங்கடை பிள்ளையே இல்லை, வெள்ளைக்காரன்ரை பிள்ளை." மேசை முழுக்கச் சிரித்தது. நான்தான் எல்லாரையும் விட உரக்கச் சிரித்தேன். அம்மா கொண்டுவந்த தண்ணீரை நீ குடிக்கவில்லை. கோப்பையை அப்படியே மேசையில் வைத்துவிட்டாய்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நான் பார்த்தேன் என்பது தெரியாது. உனக்குப் பதினொரு வயது. பின்னேர ஷிப்டுக்குப் புறப்பட்டுப் படியில் இறங்கி வந்தேன். குசினிக் கதவு பாதி திறந்திருந்தது. நீ தனியாக நின்றாய். ஒரு கையில் பச்சைமிளகாய். ஒரு கடி கடித்துவிட்டு அடுப்பிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாய். கண்ணால் தண்ணீர் ஓடியது. பக்கத்தில் தண்ணீர்க் கோப்பை இருந்தது. அதைத் தொடாமல் எத்தனை நிமிடம் நிற்கலாம் என்று பழகிக்கொண்டிருந்தாய். ஒரு தகப்பன் அந்த இடத்தில் உள்ளே போயிருக்க வேண்டும். மிளகாயை வாங்கி எறிந்துவிட்டு உன்னைத் தூக்கியிருக்க வேண்டும். நான் சத்தம் போடாமல் முன்கதவால் வேலைக்குப் போனேன். போகும்போது எனக்குச் சந்தோசமாக இருந்தது, ராசா. அடுத்த நாள் சிவம் அண்ணையிடம் பெருமையாகச் சொன்னேன்: "பெடியன் பழகுறான்." இந்த வசனத்தை எழுதுவதற்குள் பேனாவை மூன்று தரம் கீழே வைத்துவிட்டேன்.

இனி எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நீ வேலைக்காக மான்செஸ்டரில் இருந்த அந்தக் குளிர்காலத்தில் எனக்கு வயிற்று நோ தொடங்கியது. ஒரு நாள் டிப்போவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கண் இருட்டிச் சரிந்து விழுந்தேன். வாய்வழியாகக் கமரா விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண், சாடையாக இரத்தமும் கசிந்திருந்தது. முதுகுவலிக்கு நான் கண்டபடி விழுங்கிய மாத்திரைகள்தான் காரணம், மிளகாய் இல்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் புண் ஆறும்வரை உறைப்பைத் தொடவேண்டாம் என்றார். உனக்குச் சொல்லவேண்டாம் என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன். உன் புது வேலை குழம்பக்கூடாது என்பது வெளியில் சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. மிளகாய் கடிக்க ஏலாத அப்பாவாக உன் முன்னால் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

புண் மாத்திரையால் ஆறியது. ஆனால் மாதக்கணக்கில் தள்ளி வைத்ததில் என் வாய் மாறிவிட்டது. ஒரு பச்சைமிளகாய் நுனியைக் கடித்துப் பார்த்தேன், துள்ளிவிட்டேன். அப்போதுதான் துருக்கிக் கடையில் அந்த நீளமான பச்சை மிளகாயைக் கண்டேன். எங்கள் ஊர்க் கறிமிளகாய்க்கு உறவுக்காரன் மாதிரி இருந்தது. வாங்கி வந்து சும்மா தாச்சியில் ஒரு துளி எண்ணெய் விட்டுப் புரட்டி, உப்புத் தூவிக் கடித்தேன். உறைக்கவில்லை. இல்லை, உறைத்தது, ஆனால் எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் மெல்லக் கிள்ளிவிட்டுப் போனது. அதற்கு முன்னால் வந்ததுதான் அதிசயம்! இனிப்பு வந்தது, பச்சை மணம் வந்தது, தோல் கருகிய வாசம் வந்தது. ஐம்பது வருடமாக மிளகாய் தின்றவன் நான். மிளகாயின் ருசியை அன்றுதான் முதல்முதலாக அறிந்தேன். அதுவரைக்கும் எரிவு முந்திக்கொண்டு எல்லாவற்றையும் மூடிவிட்டிருக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டு வாயில் வைத்தேன். "அட, இது நல்லாயிருக்குதே" என்று அவள் இன்னொன்றை எடுத்தாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல மனிதனாக இருந்திருப்பேன். என் புத்தி வேறு பக்கம் போனது. கடைக் காய் பெரிது, சுருண்டது. யாருக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். ஆனால் அதே மாதிரி ஒரு சாதியை நானே வளர்த்து, பிஞ்சாக விரல் நீளத்தில் பறித்தால், பார்ப்பவனுக்கு அது சாதாரணப் பச்சைமிளகாய்தானே! தோட்டக் கடையில் விதை வாங்கினேன். அடுத்து வந்த பெப்ரவரியில் தயிர்ச் சாடிகளில் விதைத்து ரேடியேட்டருக்கு மேலே வைத்தேன். பத்து நாள் மண் மண்ணாகவே இருந்தது. பதினோராம் நாள் ஒரு வளைந்த பச்சை நூல் தலைகாட்டியது. அம்மாவிடம் சத்தம் போட்டேன், அவள் ஏதோ தீப்பிடித்ததென்று ஓடிவந்தாள். நான் செய்யப்போகிறதைச் சொன்னதும், "உங்களுக்கு விசரே? சாப்பாட்டுத் தட்டிலயும் நாடகமே?" என்றாள். ஆனாலும் தண்ணீர் ஊற்றினாள்.

அந்தக் கோடையில் எங்கே சாப்பிடப் போனாலும் என் சட்டைப்பையில் கைக்குட்டைக்குள் நாலு மிளகாய் இருந்தது. "இது எங்கடை வளவு மிளகாய், கடை மிளகாயில காரம் காணாது" என்று சொல்லிக் கடித்தேன். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். நீ மான்செஸ்டரிலிருந்து திரும்பி வந்து, என் பக்கத்தில் இருந்து, சட்டியில் இருந்த உண்மையான உறைப்புக் கறியை வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டாய். நான் உன்னைத் தட்டிக்கொடுத்தேன். அதையும் மன்னித்துக்கொள்.

அந்தச் செடியிலிருந்து பழுத்த ஒரு காயை வைத்திருந்து விதை எடுத்தேன். இங்கேதான் பிழை விட்டேன். ஜன்னலோரத்தில் பூத்த பூக்களுக்குத் தேனீ வராது என்று, உன் பள்ளிக்கூடத் தூரிகையால் நானே ஒவ்வொரு பூவாகத் தொட்டுவிட்டேன். பக்கத்தில் அம்மாவின் உறைப்பு மிளகாய்ச் செடியும் பூத்திருந்தது. இரண்டுக்கும் ஒரே தூரிகை! அதில் இரண்டும் கலந்துவிட்டன. அப்படிக் கலந்தாலும் அந்த வருடக் காய் மாறாது; விதைக்குள்தான் மாற்றம் போய் ஒளிந்துகொள்ளும். இது எனக்கு அப்போது தெரியாது. இந்த வருடம் அந்த விதையில் நாலு செடி வந்தது. நாலும் பார்வைக்கு ஒன்று. முதலாவது செடியில் ஒரு காயைக் கடித்துப் பார்த்தேன், சாதுவாக இருந்தது. மற்ற மூன்றையும் கடித்துப் பார்க்கவில்லை. உன் நிச்சயதார்த்தத்துக்குப் புறப்பட்ட அவசரத்தில் கை போன செடியில் பறித்துக் கைக்குட்டையில் சுற்றினேன்.

சட்டனில் சம்பந்தி வீட்டில் முப்பது பேர் இருந்தார்கள். நல்ல மனிதர்கள். ஜெர்மனியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து கடை நடத்துகிறவர்கள். எதையும் அளந்து கதைப்பார்கள். சாப்பாட்டு நேரம் சிவம் அண்ணை வழக்கம்போலத் தொடங்கினார்: "சம்பந்தி, உங்களுக்கு இவரின்ரை வித்தை தெரியாது. பாருங்கோ இப்ப." எல்லாரும் திரும்பினார்கள். நான் கைக்குட்டையை விரித்து, பெரியதாக ஒன்றை எடுத்து, முழுவதையும் வாயில் போட்டு நன்றாக மென்றேன். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் நேரம் ஒன்றுமில்லை. பிறகு நாக்கில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. காது அடைத்தது, விக்கல் பிடித்தது, கண்ணீர் கொட்டியது. உன் மாமியார், "ஐயோ, என்ன செய்யுது உங்களுக்கு?" என்று எழும்பினார். எனக்குக் கதைக்க ஏலாது. வயிற்றில் கை வைத்தேன். பழைய புண்தான் நினைவுக்கு வந்தது. உண்மையாகவே பயந்துவிட்டேன்.

நீதான் என் தோளைப் பிடித்துக் குசினிக்குக் கொண்டுபோனாய். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பால் போத்தலை எடுத்து, "தண்ணி வேண்டாம் அப்பா, இதைக் குடியுங்கோ, மெல்ல மெல்ல" என்றாய். இரண்டு கோப்பை குடித்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "வயித்துப் புண் திரும்பக் கிளம்பிடுமோ" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

"எந்தப் புண்?" என்றாய்.

சொன்னேன். டிப்போவில் விழுந்தது, கமரா, அம்மாவிடம் வாங்கிய சத்தியம், தயிர்ச் சாடி, கைக்குட்டை எல்லாவற்றையும் சொன்னேன். "ரத்தம் போனதை எனக்குச் சொல்லேல்லை. மிளகாய்க்காகவா? சீரியஸா, அப்பா?" என்று கேட்டாய். அப்போது நீ என் கையிலிருந்த மிச்ச மிளகாய் ஒன்றை எடுத்துப் பாதியைக் கடித்தாய். ஏன் கடித்தாய் என்று இன்றுவரை விளங்கவில்லை. கோபத்தில் என்றுதான் நினைக்கிறேன். ஒரு நிமிடம் கழியவில்லை, நீயும் பால் போத்தலை வாயில் கவிழ்த்தாய். சிந்தியதைத் துடைத்துவிட்டுச் சொன்னாய்: "எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது, அப்பா. ஒருநாளும் பிடிச்சதில்லை. உங்களுக்காகத்தான் பழகினனான்." நீ இதை மெதுவாகத்தான் சொன்னாய். எனக்கு அந்த எரிவெல்லாம் மறந்துபோனது.

தர்சிகா உள்ளே வந்தபோது நாங்கள் இருவரும் தொட்டியடியில் பால் மீசையோடு நின்றோம். "ரெண்டு பேரும் என்ன செய்யிறீங்கள்?" என்றாள். நடந்ததையும், உறைப்பு உனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை என்பதையும் நீ அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னாய். அவள் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு வெடித்தாள்: "உனக்கு உறைப்பு விருப்பம் எண்டுதானே நான் ரெண்டு வருசமா மேலதிகமாத் தூள் போடுறன்! என்னால அதைச் சாப்பிடவே ஏலாது! பிறகு வீட்டை போய் ரொட்டி சாப்பிடுறனான்!" நீ அவளைப் பார்த்தாய், அவள் உன்னைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து, "மாமா, எல்லாம் உங்களாலதான்" என்று சிரித்தாள். அப்படிச் சிரிக்கிற பெண் உனக்குக் கிடைத்திருக்கிறாள். அந்த ஒன்றுக்காகவே அந்த மிளகாயை நான் இன்னொரு தரம் கடிப்பேன்.

பிறகு நான் மேசைக்குத் திரும்பிப் போய் எல்லாருக்கும் சொன்னதை நீ கேட்டாய். புண்ணைச் சொன்னேன், பொய் மிளகாயைச் சொன்னேன். சம்பந்தி, "அப்ப கல்யாணச் சாப்பாட்டில உறைப்பைக் குறைக்கலாம்தானே, எனக்கும் நல்லது" என்றார். நீ கேட்காதது சிவம் அண்ணையின் கதை. அவர் சாப்பிட்டு முடிக்காமல் எழுந்து வாசலுக்குப் போனார். பின்னால் போனேன். "ஒரு வருசமா என்னையும் சேத்து ஏமாத்தினனி. நான் உன்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன்" என்றார். அவருடைய பெருமையும் என் வாயில்தான் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் கண்டேன். மன்னிப்புக் கேட்டேன். ஒரு வாரம் அவர் போன் எடுக்கவில்லை. போன புதன்கிழமை எலிசபெத் லைன் ரயிலில் வந்து இறங்கி, நேரே பின்வளவுக்குப் போய், "எது உறைக்காதது, காட்டு" என்றார். மூன்று தின்றார். இன்னும் முழுதாகச் சமாதானமில்லை, ஆனால் வீட்டுக்கு ஒரு பை கொண்டுபோனார்.

நாலு செடியையும் அம்மாவும் நானும் பால் கோப்பையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்துவிட்டோம். முதலாவதும் இரண்டாவதும் சாது. மற்ற இரண்டும் நெருப்பு. அந்த இரண்டிலும் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது. சாதுவான இரண்டையும் உங்கள் சுவரடிக்குத் தருகிறேன். பெரிய சாடியிலேயே இருக்கட்டும், குளிர் வந்தால் உள்ளே தூக்கலாம். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர்; பாசம் கூடி ஊற்றிக் கொல்லாதே. பூக்கும் காலத்தில் தக்காளிக்குப் போடும் திரவ உரத்தை வாரம் ஒருமுறை கரைத்து விடு. இலையின் கீழே பச்சைப் பூச்சி வந்தால் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துவிடு, மருந்து வேண்டாம். பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும், அதனால் அழகு பார்த்துக்கொண்டு விட்டுவைக்காதே. வெட்டிய கையால் கண்ணைத் தொடாதே, சாதுவானதானாலும். அடுத்த வருட விதையைக் கடையில் வாங்கு. என்னை மாதிரிக் கெட்டிக்காரன் ஆகாதே.

சமைக்கிறது கால் மணி நேர வேலை. நீட்டாகக் கீறி, விதையைத் தட்டிவிட்டு, வெங்காயம், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயத்தோடு வதக்கு. தண்ணித் தேங்காய்ப்பாலில் அவிய விட்டு, கடைசியில் கட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி, கொதிக்க முன் இறக்கித் தேசிக்காய்ப் புளி பிழி. தூள் போடத் தேவையே இல்லை. பசி கூடினால் உருளைக்கிழங்கும் டின் மீனும் பிசைந்து உள்ளே அடைத்துப் பொரி. நீயே செய். தர்சிகா ரொட்டி சாப்பிட வீட்டுக்கு ஓடாத மாதிரிச் செய். அவளிடம் உனக்குப் பிடிக்காததை அன்றைக்கே சொல்லிவிடு, இரண்டு வருடம் வைத்திருக்காதே. நான் உன்னை இருபது வருடத்துக்கு மேல் வைத்திருக்கச் செய்த ஆள், அதனால்தான் சொல்கிறேன்.

சனிக்கிழமை நீங்கள் புது வீட்டுத் திறப்பைக் கையில் வாங்கும் நாள். நான் பஸ்ஸில் வரப்போவதில்லை. சிவம் அண்ணையின் வான் வண்டியில் செடிகளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வருகிறேன். அம்மா தாச்சியும் சட்டியும் கொண்டுவருகிறாள். உங்கள் புது அடுப்பில் அன்றைக்கு நான்தான் சமைக்கப்போகிறேன். நேற்று அம்மா, "பிள்ளைக்கு என்ன விருப்பமோ அதைச் செய்யுங்கோ" என்றாள். அது என்னவென்று எனக்குத் தெரியாது. உனக்கு முப்பத்தொரு வயது. எத்தனையோ தட்டு உன் முன்னால் வைத்திருக்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். உனக்கு என்ன சாப்பிட விருப்பம், ராசா? வெட்கப்படாமல் சொல். என்னவென்றாலும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு, நான் சாமான் வாங்க வேண்டும்.

அப்பா